சேலத்தில் தெருவில் படுப்பவர்களுக்குத் தண்ணீரும் கழிப்பிடமும் எங்கே தடைப்படுகிறது?

கேள்வி இது: "சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன், பெரிய ஆஸ்பத்திரி பக்கம் ராத்திரி படுத்திருப்பவர்கள் குடிக்க, குளிக்க, கழிப்பிடம் போக என்ன செய்கிறார்கள்? இதைச் செய்துதர யாருக்காவது கடமை உண்டா? நாங்கள் ஐந்தாறு பேர் மாதம் கொஞ்சம் பணம் போட்டு வாட்டர் பாட்டில் வாங்கித் தரலாம் என்று இருக்கிறோம். பலன் இருக்குமா?"

நான் உள்ளாட்சியில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குழாயும் கழிப்பிடமும்தான் சோறு போட்டன. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாட்டில். பகலில் கொடுத்தால் பலன் உண்டு. சித்திரை வெயிலில் ரொம்பவே உண்டு. சாயங்காலம் போய்க் கொடுத்தால் பாதி வீண். இருட்டிய பிறகு படுக்க வரும் ஒரு பெண்ணிடம் லிட்டர் பாட்டிலை நீட்டிப் பாருங்கள். வாங்கிக்கொள்வார், "நல்லா இருங்க சாமி" என்பார், தலைமாட்டுப் பைக்குள் செருகி வைப்பார். குடிக்க மாட்டார். குடித்தால் நடு ராத்திரியில் எழுந்து போக வேண்டும், போக இடம் கிடையாது. ஒரு பாட்டி என்னிடம் சொன்னது: "அஞ்சு மணிக்கு ஒரு டீ. அதுக்கப்புறம் வாயே நனைக்கிறதில்ல. ராவுல எங்க கண்ணு போறது?"

அதனால் வெளியிலிருந்து பார்க்கும்போது தண்ணீர்ப் பிரச்சினையாகத் தெரிவதில் பெரும்பங்கு கழிப்பிடப் பிரச்சினை. கழிப்பிடம் கிடையாது என்றும் சொல்ல முடியாது. சேலத்தில் கட்டடம் இருக்கிறது. ராத்திரி பூட்டு, பகலில் காசு, மூட்டையை வைக்க இடமில்லை என்ற மூன்றும்தான் வழியை மறிக்கின்றன. என்னைக் கேட்டால், இருக்கிற கழிப்பிடங்களில் நாலைந்தை ராத்திரி முழுக்கத் திறந்து காசில்லாமல் விடுவதுதான் முதல் வேலை. மீதியெல்லாம் அதற்கு அப்புறம்.

அடக்கிக்கொண்டே இருப்பதன் விலை உடம்பில் தெரியும். தண்ணீரைக் குறைத்து, வந்ததையும் அடக்கினால் சிறுநீர்ப் பாதையில் தொற்று வரும். பெண்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும், திரும்பத் திரும்ப வரும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பகலெல்லாம் தார் ரோட்டோரம் உட்கார்ந்து, சாயங்காலத்திலிருந்து தண்ணீரையும் நிறுத்தினால் கல்லடைப்பு, மலச்சிக்கல், மயக்கம் எல்லாம் வரிசையாக வரும். "பாவம், குடிச்சிட்டு விழுந்து கிடக்கறான்" என்று நாம் தாண்டிப் போகிறவர்களில் சிலர் வெறும் தண்ணீர் வற்றி விழுந்தவர்கள். கன்னத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு 108-க்கு அடியுங்கள்.

யார் இவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பிச்சைக்காரர்கள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளிலும் மூட்டை தூக்குபவர்களில் ரூம் வாடகைக்குக் கட்டுப்படியாகாமல் கடை வாசலிலேயே படுப்பவர்கள் உண்டு. விடியற்காலை லோடு வருவதற்குள் எழுந்தாக வேண்டும், அதற்கு அதுதான் வசதி. ஓட்டலில் பாத்திரம் கழுவி, கை புண்ணாகி நின்றுபோனவர்கள் உண்டு. மகன் வீட்டிலிருந்து கிளம்பி வந்த வயசானவர்கள், கணவனிடம் அடி தாங்காமல் பிள்ளையோடு வந்த பெண்கள், வீட்டில் சேர்க்காத திருநங்கைகள், மனநோய் முற்றி ஊர் பேர் சொல்லத் தெரியாமல் திரிபவர்கள் உண்டு. இவர்கள் போக, யாருடைய கணக்கிலும் வராத ஒரு கூட்டம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியே இருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பக்கமிருந்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். நோயாளியோடு உள்ளே ஒருவர்தான் தங்க முடியும், கூட வந்த மற்றவர்கள் வாரக்கணக்கில் வெளியேதான். ஊரில் அவர்களுக்கு வீடு இருக்கிறது, இங்கே அந்த இருபது நாளும் தெருவாசிகள்தான். மூத்திரம் வந்தால் இருவருக்கும் ஒரே கதிதான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களுக்கென்று ஒரு ராத்திரி ஒதுக்குவார்கள். 2011 கணக்கில் அது பிப்ரவரி 28 ராத்திரி. நடைபாதை, பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில் பிளாட்பாரம், பெரிய சிமென்ட் குழாய் என்று எங்கெல்லாம் படுத்திருக்கிறார்களோ அங்கே போய் எண்ண வேண்டும். நாடு முழுக்க 17.73 லட்சம் பேர் என்று வந்தது. ஒரே ராத்திரியில், டார்ச்சு லைட்டோடு, போலீசென்று நினைத்து எழுந்து நகர்ந்துவிடும் ஆட்களை எண்ணிய கணக்கு அது. உண்மை இதைவிட அதிகம் என்பதே இந்த வேலை தெரிந்தவர்களின் பொதுவான அபிப்பிராயம். எனக்கும் அதே அபிப்பிராயம்தான்.

இப்போது நீங்கள் கேட்ட "என்ன செய்கிறார்கள்" என்பதற்கு வருகிறேன்.

குடிக்கத் தண்ணீர் பெரும்பாலும் டீக்கடையிலிருந்து. விடியற்காலை நாலரைக்கு ஷட்டர் தூக்கும் கடையில் ஒரு டீ வாங்கினால் ஜக்கில் இருப்பதைக் குடித்துக்கொள்ளலாம், முகம் பார்த்துப் பழகிய டீ மாஸ்டர் பாட்டிலையும் நிரப்பிக் கொடுப்பார். டீ வாங்காமல் ஜக்கைத் தொட்டால் பேச்சு கேட்க வேண்டும். இரண்டாவது கோயில். கோட்டை மாரியம்மன், சுகவனேஸ்வரர் என்று கோயிலை ஒட்டித் தண்ணீரும் கிடைக்கும், சில நேரம் சோறும் கிடைக்கும். மூன்றாவது அம்மா உணவகம். சாப்பிடப் போனால் அங்கேயே குடிநீரும் உண்டு, பகலோடு சரி. வெயில் காலத்தில் கட்சிக்காரர்கள் போடும் தண்ணீர்ப் பந்தல் இன்னொன்று. திறப்பு விழாவன்று தர்பூசணி, நீர்மோர் எல்லாம் இருக்கும். பத்து நாள் கழித்துப் போனால் பானை காலியாக, தட்டியில் தலைவர் படம் மட்டும் இருக்கும். எல்லாப் பந்தலும் அப்படியில்லை, தினம் நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

முன்பெல்லாம் வாட்டர் பாக்கெட் என்று ஒன்று இருந்தது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க்குப் பெட்டிக்கடையில் தொங்கும், பல்லால் கடித்துக் குடிப்போம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது அதுவும் போயிற்று. தடை சரிதான், சாக்கடை அடைப்பை எடுத்தவன் என்ற முறையில் அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் கையில் இரண்டு ரூபாய் மட்டும் இருப்பவன் வாங்கக்கூடிய ஒரே தண்ணீர் அதுவாகத்தான் இருந்தது. அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை. பாக்கெட் விற்ற இடத்திலெல்லாம் ஒரு குழாய் வந்திருக்க வேண்டும்.

குழாய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பொதுக்குழாய்களின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். பலவற்றில் திருகும் தலை இருக்காது. உடைந்ததென்று நினைப்பீர்கள். கடைக்காரரோ வாட்ச்மேனோ கழற்றி உள்ளே வைத்திருப்பார். "தொறந்து விட்டுட்டுப் போயிடறானுங்க சார், சுத்தியும் சகதி" என்பது காரணம். அந்தத் தலையில்லாத குழாயைத் திறக்க ஒரு சின்ன ஸ்பேனரோ கட்டிங் பிளேயரோ வேண்டும். சட்டைப் பையில் பீடிக் கட்டோடு ஸ்பேனரும் வைத்திருக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் அவர் வரும் நேரத்துக்குக் காத்திருந்து பிடித்துக்கொள்வார்கள். இதற்கு வைத்தியம் சுலபம். அழுத்தினால் வந்து, கையை எடுத்தால் தானே நின்றுவிடும் குழாய் கடையிலேயே கிடைக்கிறது. கீழே ஒரு முழம் சிமென்ட் தொட்டியும் வடிகாலும் இருந்தால் சகதியும் இருக்காது.

குளிப்பது ஆண்களுக்கு எப்படியோ நடந்துவிடும். லாரி கழுவும் இடம், பெட்ரோல் பங்க் பின்புறம், ஏதாவது வால்வு கசியும் இடம் என்று விடிவதற்குள் முடித்துக்கொள்வார்கள். பெண்கள் குளிப்பதைவிடத் துடைத்துக்கொள்வதுதான் அதிகம். அரை பக்கெட் தண்ணீர், புடவையைப் போர்த்திக்கொண்டே உள்ளுக்குள் துணியால் துடைப்பது, பக்கத்தில் இன்னொரு பெண் காவல். மாதவிலக்கு நாட்களில் துணியை அலச இடமில்லை, காய வைக்க இடம் அறவே இல்லை. ஈரத்தோடு மடித்துக் கட்டிக்கொண்டால் புண்ணும் தொற்றும் வரும். ஊருக்குள் ஆறு இருக்கிறதே என்பீர்கள். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து தெளிவாகத்தான் இறங்குகிறது. ஊருக்குள் நுழைந்ததும் சாக்கடையும் சாயக் கழிவும் சேர்ந்துவிடும். அதில் காலை நனைத்தால் சொறி, சிரங்கு, சேற்றுப்புண். மழைக்காலமாக இருந்து காலில் வெட்டுக்காயமும் இருந்தால் எலிக்காய்ச்சல் வரைக்கும் போகலாம்.

கட்டணக் கழிப்பிடத்தின் கணக்கைப் பார்ப்போம். பெரும்பாலான ஊர்களில் கழிப்பிடத்தை ஏலம் விடுவார்கள். அதிகத் தொகை கேட்டவர் எடுப்பார். கட்டிய பணத்தை எடுக்க வேண்டும் என்பதால் போர்டில் ஒரு ரேட்டு இருக்கும், மேசையில் ஒரு ரேட்டு வாங்குவார்கள். ராத்திரி கூட்டம் குறைந்ததும் பூட்டிவிட்டுப் போவார்கள், ஆள் போட்டால் சம்பளம் தண்டம். ஏலம் எடுத்தவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வருமானம் வரவேண்டிய இனமாகக் கழிப்பிடத்தை வைத்தால் அது வருமானம் பார்க்கத்தான் செய்யும். ஒரு தடவைக்கு ஐந்து ரூபாய், குளிக்க இருபது என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, ஒரு பிள்ளை. தலைக்கு மூன்று தடவை கழிப்பிடம், ஒரு குளியல். ஒரு நாளைக்கு நூற்றைந்து ரூபாய், மாதத்துக்கு மூவாயிரத்துக்கு மேல். கிச்சிப்பாளையத்திலோ பள்ளப்பட்டியிலோ ஒற்றை ரூமுக்கு அட்வான்ஸ் சேர்க்கத் தொடங்கலாம் அந்தப் பணத்தில். ரயில்வே ஸ்டேஷனுக்குள் போகலாமே என்றால் பிளாட்பார டிக்கெட் பத்து ரூபாய், டிக்கெட் இருந்தாலும் அழுக்குத் துணியைப் பார்த்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

காசு இருந்தாலும் மூட்டை இருக்கிறது. தெருவில் இருப்பவருக்கு அந்த மூட்டைதான் வீடு. போர்வை, மாற்றுத் துணி, ஆதார் நகல், மாத்திரைச் சீட்டு, ஒரு தட்டு. உள்ளே எடுத்துப் போனால் ஈரத் தரையில் வைக்க வேண்டும், வெளியே வைத்தால் திரும்பி வரும்போது இருக்காது. தனியாக இருப்பவர்கள் இதற்காகவே கழிப்பிடம் பக்கம் போவதில்லை. கழிப்பிட வாசலில் ஒரு இரும்பு ரேக்கும் நாலு கொக்கியும் அடித்துக் கொடுங்கள், உள்ளே நுழையும் ஆள் எண்ணிக்கை மாறும். எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் இந்த ரேக் இருந்து நான் பார்த்ததில்லை.

தண்ணீரின் தரத்துக்கு வருவோம். சேலத்துக்காரர்களுக்கு நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு உண்டு. நல்ல தண்ணி மேட்டூரிலிருந்து வரும் காவிரி. 1934-ல் கட்டி முடித்து 93.47 டி.எம்.சி. கொள்ளும் அணை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதற்கு முன்பு பனமரத்துப்பட்டி ஏரிதான் ஊருக்குக் குடிநீர் தந்தது. உப்புத் தண்ணி போர் தண்ணி. கழிப்பிடத்துக்கும் குளிக்கவும் அது போதும். தினமும் குடிக்கக் கூடாது, மாவட்டத்தில் சில பகுதிகளில் புளோரைடும் கூடுதல். தெருவோரச் சின்டெக்ஸ் தொட்டியில் வருவது பெரும்பாலும் போர் தண்ணிதான் என்பதால் வாயில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேட்டூர் தண்ணீரும் தினம் வருவதில்லை. வராத நேரத்தில் குழாய் காலியாகக் கிடக்கும்போது விரிசல் வழியாகச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் விட்டதும் வரும் முதல் தண்ணீரைப் பிடித்துக் குடிக்கக் கூடாது, கொஞ்சம் ஓடவிட வேண்டும். வீட்டுக்காரர் காய்ச்சிக்கொள்கிறார், தெருக்காரர் எதில் காய்ச்சுவார்? இவர்களுக்கு ஒரே காவல் தண்ணீரில் இருக்கும் குளோரின். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சமிருக்க வேண்டும். ஆய்வாளர்கள் கையில் குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி இருக்கும், சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிறம் வராவிட்டால் அந்தத் தண்ணீரை நம்ப முடியாது. நீங்களே ஒரு தொட்டி வைத்தால் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும். பழைய பவுடர் வீரியம் போயிருக்கும், மூட்டையைத் திறந்து வைத்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

எதுவுமே கிடைக்காத இடத்தில் வெயில் உதவும். லேபிளைக் கிழித்த, கீறல் இல்லாத, நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி ஆறு மணி நேரம் நேர் வெயிலில் படுக்க வைத்தால் கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும். மேகமாக இருந்தால் இரண்டு நாள். கலங்கல் தண்ணீருக்கு இது உதவாது, உப்பும் புளோரைடும் இதில் போகாது. வயிற்றுப்போக்கு வந்தவருக்கு ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி அளந்து. உப்பு கூடினால் ஆபத்து என்பதால் கைப்பிடிக் கணக்கு வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தால் அதுவே மேல்.

கடமை யாருக்கு என்று கேட்டீர்கள். மாநகராட்சிக்கு. இதில் வழவழா கொழகொழா எதுவும் இல்லை. சுத்தமான தண்ணீரும் காற்றும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு சொல்லும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சுபாஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. குடிநீரையும் கழிப்பிட வசதியையும் மனித உரிமையாக ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலையில் ஏற்றது. உணவு உரிமை வழக்கில் வீடில்லாதவர்கள் தங்கக் காப்பகம் திறக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் மாநிலங்களை நெருக்கியதும் அதே 2010-ல்தான். 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் கணக்கே போட்டுக் கொடுத்துவிட்டார்கள்: ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், ஒவ்வொன்றிலும் குறைந்தது நூறு பேர், தலைக்கு 50 சதுர அடி, குடிநீர், குளியலறை, கழிப்பிடம், 24 மணி நேரமும் வருடம் முழுக்கவும் திறந்திருக்க வேண்டும். 2011 கணக்கில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை 8.29 லட்சம். அப்படியென்றால் எட்டுக் காப்பகம், எண்ணூறு இடம் என்பது அன்றைய கணக்குக்கே.

காப்பகம் நல்லதுதான், ஆனால் எல்லாரும் போவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். குடும்பத்தை ஆண் ஒரு பக்கம் பெண் ஒரு பக்கம் என்று பிரிப்பது, எட்டு மணிக்குள் வரச் சொல்வது, குடித்தவரைச் சேர்க்காதது, ஆதார் கேட்பது என்று ஆயிரம் காரணம். விடியற்காலை லோடு இறக்குபவர் மார்க்கெட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் படுக்க மாட்டார். ஆகவே படுக்க வராதவருக்கும் குளிக்க, துவைக்க, கழிப்பிடம் போகக் காப்பகத்தைத் திறந்துவிட வேண்டும் என்பது என் யோசனை. கட்டடம் பகலில் சும்மாதான் இருக்கிறது.

தூய்மை இந்தியா திட்டத்தில் 2014 முதல் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டப் பணம் கொடுத்தார்கள். வீடே இல்லாதவருக்கு எங்கே கட்டுவது? அவருக்கான பங்கு பொதுக் கழிப்பிடத்தில்தான் வர வேண்டும். திறந்தவெளியில் யாரும் போவதில்லை என்று ஊர் சான்றிதழ் வாங்கும்போது பகலில் வந்து பார்ப்பார்கள், பகலில் எல்லாம் திறந்துதான் இருக்கும். ராத்திரி பூட்டிய கழிப்பிடத்தின் சுவரோரம் நிற்பவனுக்கு அபராதம் போடலாம் என்று சட்டம் சொல்கிறது. பூட்டியவருக்கு அபராதம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"இருக்கிறவங்களுக்கே தண்ணி பத்தல" என்று கூட்டத்தில் கட்டாயம் ஒருவர் சொல்வார். அவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பேரிடர் முகாம்களுக்கான உலக அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர், இருபது பேருக்கு ஒரு கழிப்பறை, 250 பேருக்கு ஒரு குழாய். தெருக்குழாயை நம்பி இருப்பவருக்கு நம் நாட்டுக் குடிநீர்க் கையேடு வைத்திருக்கும் அளவு 40 லிட்டர். தெருவில் ஐந்நூறு பேர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் முதல் அளவில் 7,500 லிட்டர், ஒரு லாரிகூட நிரம்பாது. இரண்டாவது அளவில் 20,000 லிட்டர், இரண்டு லாரிச் சொச்சம். ஆடித் திருவிழாக் கூட்டத்துக்குச் சின்டெக்ஸ் வைத்து நிரப்பத் தெரிந்த ஊருக்கு இது ஒரு வேலையே இல்லை.

வெளியூர் அனுபவத்தில் இரண்டு மூன்று சொல்கிறேன். திருச்சியில் குடிசைப் பகுதிக் கழிப்பிடங்களைப் பெண்கள் குழுக்களே எடுத்து வருடக்கணக்கில் நடத்துகிறார்கள். காசு சொற்பம், சுத்தம் அதிகம், ஏனென்றால் நடத்துபவர்களே உள்ளே போகிறவர்கள். சென்னை மாநகராட்சி சில பகுதிகளில் ஏல முறையைத் தலைகீழாக்கி, வருபவரிடம் காசு வாங்காமல் பராமரிப்பவருக்கு மாநகராட்சியே பணம் கொடுக்கும் ஒப்பந்தம் போட்டது. சேலத்துக்கு நான் கேட்பது இதைத்தான். அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் 2016 முதல் 2018 வரை மஞ்சள் காமாலை ஏ வகை பரவி ஏறத்தாழ 590 பேருக்கு வந்தது, 20 பேர் இறந்தார்கள். நோய் அதிகம் சுற்றியது தெருவில் வசித்தவர்களிடம். கழிப்பிடமும் கை கழுவ இடமும் போதாததுதான் முக்கியமான காரணங்களில் ஒன்று. அப்புறம்தான் ஓடி ஓடிக் கை கழுவும் தொட்டி வைத்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பணக்கார ஊரிலேயே இந்தக் கதை. நம் ஊரில் டைபாய்டும் ஈ வகைக் காமாலையும்தான் பெரிய கவலை. இவை தெருவோடு நிற்காது. அந்தக் கையால்தான் மண்டியில் நம் வீட்டுத் தக்காளிக் கூடை இறங்குகிறது.

ஏற்காட்டைப் பற்றி ஒரு வரி. மேலே தெருவில் படுப்பவர்கள் குறைவு, குளிர் விடாது. ஆனால் மே மாத விழாவின்போது பலூன், சோளக்கதிர் விற்க வரும் குடும்பங்கள் கடைத் தாழ்வாரத்தில்தான் தங்குகின்றன. சுற்றுலாப் பயணிகளுக்கான கழிப்பிடங்களை அந்த நாட்களில் ராத்திரியும் திறந்து வைத்தால் போதும்.

மனநோயோடு திரிபவர்களை உங்களால் பாட்டில் கொடுத்துக் காப்பாற்ற முடியாது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோவது காவல் நிலைய அதிகாரியின் கடமை என்று 2017 மனநலச் சட்டத்தின் 100-வது பிரிவு சொல்கிறது. வீடில்லாதவருக்குச் சிகிச்சை இலவசம் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பிரிவு எண்ணை எழுதிக்கொண்டு போய்ப் பேசுங்கள், மரியாதை வேறு மாதிரி இருக்கும்.

இனி உங்கள் ஐந்தாறு பேரின் பணம். பாட்டிலை நிறுத்திவிட்டு, மூடியோடு குறுகிய வாயுள்ள ஐந்து லிட்டர் கேன் வாங்கிக் கொடுங்கள். அகல வாய்ப் பாத்திரத்தில் கை முங்கும், அதோடு தண்ணீர் கெட்டது. சின்ன சோப்பு, ரப்பர் செருப்பு, உள்ளாடை, பெண்களுக்கு நாப்கின். நாப்கினை ஒரு பெண் கொடுக்கட்டும், நீங்கள் தள்ளி நில்லுங்கள். பழகிய டீக்கடையில் மாதம் ஒரு தொகையைக் கொடுத்து, யார் கேட்டாலும் பாட்டில் நிரப்பச் சொல்லுங்கள். இது ஒன்றே உங்கள் பாட்டில் திட்டத்தைவிடப் பத்து மடங்கு வேலை செய்யும். போட்டோ எடுக்க வேண்டாம்.

மனு கொடுக்கப் போனால் "தெருவாசிகளுக்கு வசதி செய்துதர வேண்டும்" என்று எழுதாதீர்கள், "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். பேருந்து நிலையம், மருத்துவமனை, மார்க்கெட் ஆகிய மூன்றையும் சுற்றி மாநகராட்சிக் கழிப்பிடங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் ஒப்பந்தப்படி திறக்கும் நேரம் என்ன, கட்டணம் என்ன, ஒப்பந்தம் என்று முடிகிறது, காப்பகங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை இடம் என்று மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் ராத்திரி பதினோரு மணிக்கும் விடியற்காலை நாலு மணிக்கும் போய்ப் பூட்டு தொங்குவதைத் தேதியோடு குறித்து வையுங்கள். பிறகு ஆணையருக்கும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு: இந்த இந்தக் கழிப்பிடங்கள் 24 மணி நேரமும் கட்டணமில்லாமல், ராத்திரியில் பெண் பணியாளரோடு திறந்திருக்க வேண்டும், அதற்கு அடுத்த ஏலத்தில் நிபந்தனை மாற வேண்டும். ஒப்பந்தம் முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே மனு போய்விட வேண்டும், புது ஏலம் முடிந்தபின் போனால் அந்தக் காலம் முடியும் வரை கை வைக்க மாட்டார்கள். கவுன்சிலருக்கு ஒரு நகல் கொடுங்கள், முதல்வரின் உதவி எண் 1100-லும் பதிவு செய்யுங்கள். உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் எந்த அலுவலகத்திலிருந்தும் வெளியே வராதீர்கள்.